கனகாம்பரம்: மர நிழலுக்கு ஏற்ற பூஞ்செடி

[காட்சி: மாமரத்தடியில், இலைகளின் ஊடே வெயில் விழும் பாத்தி]

வணக்கம். மாமரமோ தென்னையோ நிற்கும் வீடுகளில், அதன் அடியில் எந்தப் பூச்செடியை வைத்தாலும் இலை மட்டுமே விடுகிறது என்ற குறை பலருக்கும் உண்டு. அந்த இடத்திற்கு நான் முதலில் பரிந்துரைப்பது கனகாம்பரத்தைத்தான். தலையில் சூடும் பூவாகவே பார்த்துப் பழகிவிட்டதால், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இந்தக் குறுஞ்செடி, இரண்டு மூன்று அடி உயரத்திற்குள் அடங்கி ஆண்டின் பெரும்பகுதி பூக்கும் அழகுச்செடியும்கூட என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

[காட்சி: வெளிறிய இலையும் கரும்பச்சை இலையும் அருகருகே]

காலை வெயில் பட்டு, உச்சி வெயிலுக்கு நிழல் விழும் கிழக்குப் பக்கமே இதற்கு மிகப் பொருத்தம். பூ விவசாயிகள் திறந்த வயலிலும் பயிரிடுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அங்கே பாசனம் தவறுவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் ஒருநாள் தவறினாலும், கோடை வெயிலில் இலை வெளிறி ஓரம் கருகும். வெளிச்சமே எட்டாத மூலையில் வைத்தாலோ தண்டு நெட்டையாக நீண்டு, பூங்கதிர்கள் குறைந்துவிடும்.

மரத்தின் வேர்கள் ஈரத்தையும் சத்தையும் முந்திக்கொள்வதால், குழியில் மட்கிய தொழுவுரத்தைத் தாராளமாக இட்டு, செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விட்டு, சருகால் மூடாக்குப் போடுங்கள். தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது. தேங்கினால் வாடல் நோய் வரும். உரமிட்டும் செடி குன்றி, இலை சிறுத்து மஞ்சளாகிறது என்றால், வேரில் நூற்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், ஊடே துலுக்கச் சாமந்தி நடுவதும் அதைக் கட்டுப்படுத்த உதவும்.

[காட்சி: காய்ந்த கதிரின் மீது நீர்த்துளி விழ, காய் வெடிக்கிறது]

கதிரில் பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி மலரும். பூத்து ஓய்ந்த கதிர்களை வெட்டிவிட்டால் புதுக் கதிர்கள் விரைந்து வரும். இரண்டொன்றை மட்டும் முற்ற விடுங்கள்: காய்ந்த காயில் ஈரம் பட்டதும் அது படீரென வெடித்து விதையைச் சிதறும், மழைக்குப் பின் சுற்றிலும் நாற்றுகள் முளைத்திருக்கும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காத வகை என்பதால், அதை விரும்புவோர் தண்டு நுனிகளை வெட்டி, நிழலில் ஈர மணலில் ஊன்றி வேர்விடச் செய்ய வேண்டும்.