ஆயிரத்து முப்பத்து மூன்று பேர் நின்ற தொகுதி

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டுக்குத் தெற்கே மொடக்குறிச்சி என்றொரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. ஈரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் காடும் வாழைத் தோப்பும் வந்துவிடும். தெற்கே கொடுமுடி வரை போனால், அங்கே காவிரி கிழக்கே திரும்புகிறது. ஒரு பக்கம் 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால், இன்னொரு பக்கம் பவானிசாகர் அணை கட்டிய பிறகு வந்த கீழ்பவானி வாய்க்கால். பழைய பாசனக்காரருக்கு வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஓடும். கீழ்பவானிக்காரரோ ஒரு போகம் நெல், அடுத்த முறை புன்செய்ப் பயிர் என்று மதகு முறை பார்த்துத்தான் விதைக்க வேண்டும். இந்தத் தொகுதியின் அரசியலில் சாதிக் கணக்கு இல்லாமல் இல்லை. கொங்கு வேளாளக் கவுண்டர்கள் அதிகம் என்பதால் எந்தக் கட்சியும் முதலில் அதைத்தான் பார்க்கும். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1996 சட்டமன்றத் தேர்தலில் இங்கே நின்ற வேட்பாளர்கள் 1,033 பேர். இந்தியாவில் வேறெந்தத் தொகுதியிலும் இத்தனை பேர் நின்றதில்லை. தங்கள் குறைகளை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கொதித்த விவசாயிகள், சாலையை மறிக்கவில்லை, பந்தல் போட்டு உட்காரவில்லை. வேட்புமனு போட்டார்கள். சுயேச்சைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். கொங்கு நாட்டு விவசாயிகளுக்குப் போராட்டம் புதிதல்ல. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேர்தல் அலுவலரின் மேசையையே போராட்டக் களமாக்கியது புது யோசனை.

ஓட்டுச்சீட்டு ஒற்றைத் தாளில் அடங்கவில்லை, புத்தகமாகவே அச்சடித்தார்கள். அன்றைய சட்டப்படி கட்சி வேட்பாளர், சுயேச்சை என்ற பிரிவினை ஓட்டுச்சீட்டில் கிடையாது. எல்லாப் பெயரும் ஒரே அகர வரிசை. வயதான ஒரு அம்மா அந்தப் புத்தகத்தைப் புரட்டி, ஆயிரம் சின்னங்களுக்கு நடுவே தன் சின்னத்தைக் கண்டுபிடித்து முத்திரை குத்த வேண்டும். நினைத்துப் பாருங்கள்!

வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அடுத்து வந்தவர் அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி. ஒரு ஓட்டுகூட விழாத வேட்பாளர்கள் எண்பதுக்கும் மேல். அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று நின்றிருந்தால்தானே தோற்றதாக அர்த்தம்?

அதே வருஷம் ஆந்திராவில் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர், கர்நாடகத்தில் பெல்காமில் 456 பேர். டெல்லி விழித்துக்கொண்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, பிறகு 10,000. சுயேச்சையை முன்மொழிய ஒருவர் போதும் என்றிருந்தது பத்துப் பேர் என்றானது. சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், சுயேச்சைகள் கடைசியில். இன்று நாம் மின்னணு இயந்திரத்தில் பார்க்கும் வரிசை அப்போது வந்ததுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஆயிரம் பேர் மனு போட இரண்டரை லட்சம் ரூபாய் போதும். இன்றைக்கு ஒரு கோடி வேண்டும். நிர்வாகத்துக்கு இது வசதி. மனு கொடுக்க வேறு வழி தெரியாதவனுக்கு?

அப்படியும் 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள், பெரும்பாலும் மஞ்சள், சோள விவசாயிகள். மஞ்சள் விலை அங்கேயும் விழுந்திருந்தது. ஈரோட்டுச் சந்தைக்காரர்களுக்கு இந்தச் செய்தியை விளக்கிச் சொல்லத் தேவையிருந்திருக்காது.

மொடக்குறிச்சிக்கு வருவோம். 2001இல் அ.தி.மு.க., 2006இல் காங்கிரஸ், 2011இல் அதே கிட்டுசாமி, 2016இல் மறுபடி அ.தி.மு.க. ஒரு கட்சியின் கோட்டை என்று சொல்ல முடியாத ஊர். சுப்புலட்சுமி அவர்களே 1977இல் இங்கே முதலில் ஜெயித்தது அ.தி.மு.க. வேட்பாளராக! 2021இல் அவர் தி.மு.க. சார்பில் மறுபடி நின்றார். எதிரே அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் மருத்துவர் சி. சரஸ்வதி. வித்தியாசம் 281 ஓட்டு. மாநிலத்திலேயே தியாகராய நகருக்கு அடுத்த மிகக் குறைந்த வித்தியாசம். ஆயிரம் பேரைத் தாண்டி ஜெயித்தவர் 281 ஓட்டில் தோற்றார். அடுத்த ஆண்டு அரசியலை விட்டே விலகினார்.

இன்றைக்கு இங்கே கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை, இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட 2020இல் 700 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். கடைமடைக்காரர், போட்டால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் என்கிறார். வாய்க்கால் கசிவை நம்பிக் கிணறு வைத்திருப்பவர், போட்டால் என் கிணறு வற்றிவிடும் என்கிறார். 1996 மாதிரி ஆயிரம் பேர் மனு போடக் கிளம்பினால், போடு என்று ஒரு கூட்டமும் போடாதே என்று ஒரு கூட்டமும் தேர்தல் அலுவலகத்தில் எதிரெதிரே வரிசையில் நிற்கும்.

நன்றி, வணக்கம்.