குன்னூர் ஹெலிகாப்டர் விபத்து: கறுப்புப் பெட்டி தராத தகவல் எங்கிருந்து வருது?

2021 டிசம்பர் 8. சூலூர்ல இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பின எம்ஐ-17 ஹெலிகாப்டர் காட்டேரி பக்கம் விழுந்துச்சு. ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தாங்க.

அடுத்த மாசமே விசாரணைக் குழு சொன்னது: இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் எதுவும் இல்ல. பள்ளத்தாக்குல திடீர்னு வானிலை மாற, ஹெலிகாப்டர் மேகத்துக்குள்ள போக, விமானி நிலை தடுமாறி மோதிடுச்சு. 2024 டிசம்பர்ல நாடாளுமன்றக் குழு அறிக்கையில அதே விபத்துக்கு நேரே ‘மனிதத் தவறு (விமானக் குழு)’. முரண்பாடா? இல்லங்க. முன்னது நடந்த விதம், பின்னது ஃபைல் கட்டுற தலைப்பு. அடுத்த விமானிக்கு உதவுறது முன்னதுதான்.

சிவில் விமானம்னா மத்திய அரசோட விமான விபத்து விசாரணை அமைப்பு ஏஏஐபி விசாரிக்கும், 30 நாள்ல முதற்கட்ட அறிக்கை. இதெல்லாம் விபத்துக்கு அப்புறம். ஆனா மோதாம தப்பிச்சவங்ககிட்ட இருக்கற தகவல்?

இப்போ நெஞ்சைப் பதற வைக்கிற விஷயம். 1974 டிசம்பர் 1, அமெரிக்காவுல டிடபிள்யூஏ நிறுவனத்தோட 514 விமானம் வாஷிங்டன் பக்கம் இருக்கற டல்லஸ் (Dulles) விமான நிலையத்துல இறங்கறதுக்கு முன்னாடியே மலையில மோதி 92 பேரும் பலி. அனுமதி கிடைச்சதும் 1,800 அடிக்கு இறங்கலாம்னு விமானிகள் எடுத்துக்கிட்டாங்க. ஏறக்குறைய ஆறு வாரம் முன்னாடிதான் யுனைடெட்ங்கற இன்னொரு நிறுவனத்தோட விமானம் ஒண்ணு அதே குழப்பத்துல அதே மலைகிட்ட தப்பிச்சிருக்கு. யுனைடெட் தன் விமானிகளை எச்சரிச்சுது. டிடபிள்யூஏ காதுக்கு அது போகவே இல்ல!

அப்புறம் 1976ல வந்ததுதான் ஏஎஸ்ஆர்எஸ், விமானப் பாதுகாப்புத் தகவல்களைச் சேர்க்கற அமெரிக்கத் திட்டம். ‘மயிரிழையில மோதாம தப்பிச்சேன்’னு விமானியே எழுதுவார், ஆனா நாசாவுக்கு. தண்டனை குடுக்கற எஃப்ஏஏகிட்டயே (அமெரிக்க விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பு) போய் யாருங்க தப்பை ஒப்புக்குவாங்க? அறிக்கையில பேர் இருக்கற துண்டுல தேதி முத்திரை குத்தி எழுதினவருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. 10 நாளுக்குள்ள அனுப்பியிருந்தா, தெரியாம செஞ்ச விதிமீறலுக்கு அபராதமோ உரிம முடக்கமோ இல்ல. அந்தத் துண்டுதான் அத்தாட்சி. விபத்துக்கும் குற்றத்துக்கும் சலுகை கிடையாது. ரகசியம் காப்போம்னு சும்மா வாக்குக் குடுத்திருந்தா ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டாங்கன்னுதான் சொல்வேன்.

நீலகிரி மக்களே, உங்களுக்கும் இதுல வேலை இருக்கு. ஹெலிகாப்டர் மேகத்துல மறையற அந்த மொபைல் வீடியோவை எடுத்தது ரயில் பாதையில நின்னவர். போன் தடயவியல் சோதனைக்கே போச்சு. அப்படி ஏதாவது பார்த்தா நேரம், போன திசை, சத்தம் மாறுச்சா, மிஸ்ட் எந்தத் தோட்டம் வரைக்கும் இறங்கியிருந்துச்சுன்னு உடனே குறிச்சு வைங்க. சிதறின பாகத்தைத் தொடாதீங்க. வீடியோவை வெட்டாம அசலைப் போன்லயே வெச்சு போலீஸ்ல காட்டுங்க. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா தரமும் குறையும், எடுத்த நேர விவரமும் போயிடும்.