மூன்று வரை சொந்தச் சொல், நான்கிலிருந்து பிரெஞ்சு: கரிஃபுனா மக்களின் கதை

வணக்கம் நண்பர்களே. முதலில் ஒரு மொழியில் எண்ணிக் காட்டுகிறேன், கேளுங்கள். அபான், பியாமா, உருவா, காதுரு, செங்கு, சீசி... பிரெஞ்சு படித்தவர்களுக்கு நான்காவது எண்ணிலேயே பொறி தட்டியிருக்கும். இது கரிஃபுனா மொழி. மூன்று வரை சொந்தச் சொல், அதற்கு மேல் பிரெஞ்சு எண்கள் அவர்கள் நாக்குக்கு ஏற்ப மாறி நிற்கின்றன. இதைப் பேசுகிறவர்கள் பெலிஸ், ஹோண்டுராஸ், குவாத்தமாலா, நிகராகுவா கடற்கரைகளில் வாழ்கிறார்கள். அந்த நான்கு நாடுகளையும் பிரான்ஸ் ஆண்டதே இல்லை. பிறகு பிரெஞ்சு எப்படி வந்தது?

கரீபியக் கடலில் செயின்ட் வின்சென்ட் என்று ஒரு தீவு. கரிஃபுனா மக்கள் அதை யுருமெய்ன் என்பார்கள். அங்கே இருந்த பழங்குடிகளோடு 17ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். உடைந்த அடிமைக் கப்பலிலிருந்து கரையேறியவர்கள் என்பது அவர்கள் மரபில் சொல்லும் கதை. பக்கத்து பார்படோஸ் தீவின் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் கலந்து பிறந்த மக்கள்தான் கரிஃபுனா. பார்த்தால் ஆப்பிரிக்க முகம், பேசினால் அமெரிக்கப் பழங்குடிகளின் அராவாக் குடும்ப மொழி. அதே தீவில் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர்களோடு பழகியதில் எண்களும் ஒட்டிக்கொண்டன.

இந்த மொழியில் என்னை அசர வைத்த விஷயம் ஒன்று உண்டு. 'நான்' என்பதற்கு ஆண்கள் 'ஆவ்' என்பார்கள், பெண்கள் 'நுகுயா' என்பார்கள். ஆண்களின் சொல் கரீப் என்ற இன்னொரு பழங்குடி மொழியிலிருந்து வந்தது, பெண்களின் சொல் அராவாக். ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழிகளின் தடம்!

சரி, தீவை விட்டு ஏன் வந்தார்கள்? கரும்புதான் காரணம். 1763இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் தீவு பிரிட்டன் கைக்குப் போனது. தோட்டக்காரர்களுக்குக் கிழக்குக் கரையின் வளமான நிலம் வேண்டும், அது கரிஃபுனா மக்களுடையது. இரண்டு போர்கள் நடந்தன. அவர்களின் தலைவர் ஜோசப் சட்டோயே 1795 மார்ச் 14 அன்று கொல்லப்பட்டார். இன்று அவர் செயின்ட் வின்சென்டின் தேசிய வீரர்.

அவருக்குப் பிறகும் சண்டை ஓய ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 4,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து பாலிசோ என்ற குட்டித் தீவில் அடைத்தார்கள். நல்ல தண்ணீர்கூட இல்லாத இடம். சில மாதங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நோயில் இறந்துபோனார்கள். தோல் நிறத்தைப் பார்த்துப் பிரித்து, வெளிர்நிறமாக இருந்த சிலரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சிய 2,000 சொச்சம் பேரைக் கப்பலில் ஏற்றி, 1797 ஏப்ரலில் ஹோண்டுராஸ் பக்கம் ரோவதான் தீவில் இறக்கிவிட்டார்கள்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்த பிறகு அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1861 ஜூன் 1 அன்று 'திருவாங்கூர்' என்ற கப்பல் செயின்ட் வின்சென்ட் வந்து சேர்ந்தது. 250க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளோடு அது புறப்பட்ட துறைமுகம், மெட்ராஸ்.

ரோவதானிலிருந்து பெருநிலத்துக்கு வந்த கரிஃபுனா மக்கள் கரையோரமாகவே பரவினார்கள். போன இடமெல்லாம் மரவள்ளிக்கிழங்கும் போனது. நாம் வேகவைத்துச் சாப்பிடுகிற கிழங்கு இல்லை, நஞ்சுள்ள கசப்பு வகை. அதைத் துருவி, ருகுமா என்ற பாம்பு போல நீண்ட பின்னல் குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு, கீழே இழுத்து இறுக்குவார்கள். நஞ்சுச் சாறு வடிந்துவிடும். பிறகு மாவைச் சலித்துப் பெரிய தட்டில் சுட்டால் எரெபா என்ற ரொட்டி. பல நாள் கெடாது. கடலில் அலைந்த மக்களுக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு கிடையாது.

பெலிஸில் நவம்பர் 19 குடியேற்ற நாள். 1832இல் அங்கே பெரிய கூட்டமாக வந்திறங்கியதன் நினைவு. தாமஸ் வின்சென்ட் ராமோஸ் என்பவர் 1941இல் தொடங்கிவைத்த விழா, இன்று நாடு முழுக்க விடுமுறை. டங்ரிகா ஊரில் விடியற்காலையில் மரவள்ளிக் குச்சி, வாழை இலை, மேளத்தோடு படகில் வந்து கரையேறி, முன்னோர் வந்ததை அப்படியே நடித்துக் காட்டுவார்கள்.

2001இல் யுனெஸ்கோ இவர்களின் மொழி, நடனம், இசை மூன்றையும் மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கூடவே நிலமும் வேண்டுமே? ஹோண்டுராஸின் த்ரியூன்ஃபோ தெ லா க்ரூஸ் கிராமத்தில், மக்களின் பொது நில உரிமையை அரசு மீறியது என்று 2015இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஜூலையில், போலீஸ் உடையில் வந்த ஆயுததாரிகள் அதே கிராமத்தின் நான்கு ஆண்களை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். ஒருவர் ஊர்த் தலைவர். அவர்கள் வீடு திரும்பவில்லை.