கேபிள் பில்லை எழுதுவது யார்? டிராய் விதிகளும் நம் ரிமோட்டும்

(திரையில்: ஒரு கேபிள் ரசீது. "130 + 18% ஜிஎஸ்டி = 153.40")

வணக்கம். 2019 பிப்ரவரியில் கேபிள் பில் கட்டியவர்களுக்கு இந்தத் தொகை ஞாபகம் இருக்கும். 153 ரூபாய் 40 காசு. இது எந்தச் சேனலுக்கான விலையும் இல்லை. சிக்னலை வீடுவரை கொண்டுவந்து தருவதற்கான நெட்வொர்க் கட்டணம். அப்போது 100 சேனல் வரை இதில் வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

இந்தக் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது டிராய். செல்போன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அதே ஆணையம்தான். அதற்கு டிவி மேல் எப்படி அதிகாரம் வந்தது?

(திரையில்: 1993, ஹீரோ கோப்பை கிரிக்கெட்)

ஹீரோ கோப்பை ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷனுக்கும் சங்கத்துக்கும் மோதல். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு: அலைவரிசைகள் பொதுச் சொத்து. அவற்றை அரசு வசமே பூட்டி வைக்கவும் கூடாது, தனியாரிடம் மொத்தமாகக் கொடுக்கவும் கூடாது. சுதந்திரமான ஓர் அமைப்பு கவனிக்க வேண்டும்.

ஒளிபரப்புக்கென்று அப்படியோர் அமைப்பு வரவேயில்லை. 1997-ல் தொலைத்தொடர்புக்காக டிராய் வந்தது. 2004 ஜனவரியில் ஓர் அரசு அறிவிக்கை மூலம் ஒளிபரப்பும் கேபிளும் அதன் கீழ் சேர்க்கப்பட்டன. விலை, சேவைத் தரம் எல்லாம் டிராய் பொறுப்பு. திரையில் என்ன காட்டலாம் என்பது இன்றும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில்.

(திரையில்: சென்னை உயர் நீதிமன்றம்)

சேனல் விலைகளுக்கு விதி வைத்து 2017 மார்ச்சில் டிராய் போட்ட கட்டண ஆணையை எதிர்த்து ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் சென்னைக்கு வந்தன. "நிகழ்ச்சி எங்கள் படைப்பு, பதிப்புரிமை எங்களுடையது, விலை சொல்ல டிராய் யார்?" என்பது வாதம். வழக்கை விசாரித்த இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு முடிவுக்கு வர, மூன்றாவது நீதிபதி டிராய்க்கு அதிகாரம் உண்டு என்ற பக்கம் நின்றார். 2018 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

ஆனால் சென்னையில் ஒரு விதி அடிபட்டுப் போனது. பல சேனல்களைச் சேர்த்துத் தொகுப்பாக விற்கும்போது 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்ற விதி. என்னைக் கேட்டால், பார்வையாளருக்கு ரொம்பத் தேவையான விதி அதுதான்.

ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் பார்ப்பது நான்கு சேனல், ஒவ்வொன்றும் 19 ரூபாய். தனித்தனியாக எடுத்தால் 76. அதே நான்கோடு நீங்கள் பார்க்காத பத்துச் சேனலையும் சேர்த்து 45 ரூபாய்க்குத் தந்தால் எதை எடுப்பீர்கள்? தொகுப்பைத்தான். ஆளே பார்க்காத சேனலும் இத்தனை லட்சம் வீடுகளுக்குப் போகிறது என்று சேனல் நிறுவனம் விளம்பரதாரரிடம் காட்டலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது, விலைப்பட்டியலில் இல்லை.

அந்த 19 ரூபாய், தொகுப்பில் சேர்க்கும் சேனலுக்கான உச்ச விலை. 2020-ல் அதை 12 ஆக்கினார்கள். மறுபடி வழக்குகள். 2022 நவம்பரில் திரும்பவும் 19. தள்ளுபடி 45 சதவீதம் வரை போகலாம் என்றார்கள். 15 எங்கே, 45 எங்கே! 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கான வரம்பும் போய்விட்டது. இப்போது அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதை கேபிள், டிடிஎச் நிறுவனமே முடிவு செய்துகொள்ளும்.

சரி, கேட்காத சேனல் பில்லில் ஏறினால் என்ன செய்வது? தனிநபர் புகாரை டிராய் விசாரிக்காது. முதலில் நிறுவனத்தின் கால்சென்டரில் புகார் எண் வாங்குங்கள். கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஆதாரம் இருக்காது. அடுத்து, தீராத புகார்களைக் கவனிக்கும் நிறுவனத்தின் நோடல் அதிகாரி. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. செல்போன் கம்பெனி மீதும் இதே ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.