காயத்தில் போடும் ஊசியை ஏன் மறுக்கக் கூடாது?

அவையோருக்கு வணக்கம். நாய் கடித்து ரத்தம் வந்தால், கையில் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி போட்டதோடு காயத்தைச் சுற்றியும் ஊசி போடுவார்கள். "அதான் தடுப்பூசி போட்டாச்சே, இது வேறயா?" என்று வலிக்குப் பயந்து மறுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து மறுக்காதீர்கள். கிருமியைப் பிடித்து முடக்கும் புரதமான ஆன்டிபாடியை உடம்பு தயாரிக்கும் விதம் தெரிந்தால் காரணம் விளங்கும்.

தயாரிப்பது பி செல் என்ற வெள்ளையணு. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே ஒவ்வொரு பி செல்லும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் கிருமியைப் பற்றும் ஏற்பி ஒன்றைத் தனக்கென அமைத்துக்கொள்கிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, கிருமி வருமுன்பே கோடிக்கணக்கான வடிவங்கள் தயார். ஆனால் ரேபிஸ் வைரஸுக்குப் பொருந்துபவை அவற்றில் வெகு சிலவே. தாமதம் இங்கேதான் தொடங்குகிறது.

புஜத்தில் போட்ட தடுப்பூசி அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சை எட்டுகிறது. நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த இடம். அங்கே பொருந்தும் பி செல், வைரஸ் புரதத்தை உள்ளிழுத்துத் துண்டாக்கி, உதவி டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவிடம் காட்டுகிறது. அதன் சமிக்ஞை கிடைத்தபின் பெருகுகிறது. முதலில் வரும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகைக்குப் பத்துப் பிடிகள். ஆனால் ஒவ்வொன்றும் தளர்வு. பிறகு வருவது ஐஜிஜி என்ற வகை. இதற்கிடையே பி செல்கள் தம் ஆன்டிபாடி மரபணுவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றன. வைரஸை இறுக்கிப் பிடிப்பவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. உடம்புக்குள்ளேயே நடக்கும் இந்தத் தேர்வுக்கு ஈடான அதிசயம் உயிரியலில் குறைவு. தேறியவை பிளாஸ்மா செல்லாகி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரக்கின்றன.

போதிய அளவு சேர 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் வைரஸ் நரம்புக்குள் புகுந்துவிட்டால், ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி அதைத் தடுப்பது மிகக் கடினம். ஆகவேதான் வேறொரு உடலில் உருவான ஆன்டிபாடியை, அதாவது இம்யூனோகுளோபுலினை, காயத்திலேயே செலுத்துகிறோம். இப்படி மாற்றித் தரலாம் என்று 1890இல் பெர்லினில் பேரிங், கிடசாட்டோ என்ற விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் கிலோ எடைக்கு 20 யூனிட், குதிரையிடமிருந்து என்றால் 40. இது உச்சவரம்பு. மீறினால், உடம்பு சொந்தமாகத் தயாரிப்பதை அதுவே மந்தப்படுத்தும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்திருந்தால் இது வேண்டாம். சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும்.

தடுப்பூசியைப் பிட்டத்தில் போடச் சொல்லாதீர்கள். அங்குள்ள கொழுப்பில் மருந்து தங்கிவிட்டால் ஆன்டிபாடி குறைவாகவே உருவாகும்.

முன்பே முழுத் தவணையும் முடித்தவருக்குக் கணக்கு வேறு. முந்தைய தடுப்பூசியால் உருவான நினைவு பி செல்கள் காத்திருப்பதால் சில நாட்களிலேயே ஐஜிஜி ஏறிவிடும். அவருக்குக் கடித்த அன்றும் 3ஆம் நாளும் தடுப்பூசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது அவருக்கும் கட்டாயம்.