படச்சட்டத்துக்குள் ஒரு கார் பந்தயம்

நேயர்களுக்கு வணக்கம்.

நானே வீட்டில் செய்த ஒரு டேப்லெட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும். வானொலியில் அதற்கு வழியில்லை, சொல்லித்தான் காட்ட வேண்டும். சாமி படங்களுக்குப் போடுகிற மரச்சட்டம், ஏழுக்கு ஐந்து அங்குலம். முருகன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொடுதிரை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதில் நானே போட்ட இருபத்திரண்டு ஓட்டைகள், மூலையில் குட்டி மின்விசிறி. கனம் நான்கு சென்டிமீட்டர். என் மனைவி இதற்கு இட்லித் தட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். பேத்திக்கு இது 'தாத்தா டேப்'. இரண்டு பெயரும் பொருத்தமாகத்தான் இருக்கின்றன.

பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில், மின்னணு போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மற்றவர்கள் செய்து அனுப்பியதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். வீட்டில் அந்தக் குணம் யாருக்கும் பிடிப்பதில்லை. ஓய்வுபெற்றபின் ஸ்ரீராமபுரத்து வீட்டில் சும்மா இருந்த நேரத்தில், நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி டேப்லெட் கேட்டாள். மகன் மறுத்துவிட்டான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தாத்தா செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இதன் மூளை ராஸ்பெரி பை என்னும் சின்ன கணினி. சீட்டுக்கட்டு அளவுதான்: 85 மில்லிமீட்டருக்கு 56. மாணவர்கள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தில் உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு விட்டார்கள். நான் வாங்கியது 2019-இல் வந்த நான்காவது மாடல். அதன் செயலி ஏஆர்எம் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கைப்பேசிகளில் இருப்பதும் அதே குடும்பம்தான். அதனால் போனுக்காக எழுதப்பட்ட விளையாட்டு, நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே இதில் ஓடும். ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினேஜ் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தை இந்தப் போர்டுக்கு ஏற்றபடி மாற்றி இலவசமாகத் தரும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அதை ஒரு மெமரி கார்டில் ஏற்றிச் செருகினால் போதும். இன்னொரு கார்டில் லினக்ஸ் என்னும் வேறொரு இயங்குதளம் வைத்திருக்கிறேன். கார்டை மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

சாமான்கள் வாங்க, பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். டவுன் ஹாலுக்குப் பின்னால் இறங்கி நடந்தால் ஒவ்வொரு கடையும் ஒரு பீரோ அகலம்தான் இருக்கும், ஆனால் கேட்டது கிடைக்கும். கன்னடத்தில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும், தமிழில் பேரம் பேசினால் இந்தியில் மறுப்பார்கள். திரையும் மின்விசிறியும் சரியாக அமைந்தன. மாட்டிக்கொண்டது பேட்டரியில்.

18650 என்று ஒரு லித்தியம் மின்கலம் உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரிலேயே அளவு இருக்கிறது. ஒரு கடையில் எனக்குக் கொடுத்தவற்றின் மேல், கொள்ளளவு 9800 மில்லிஆம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த அளவுக் கலத்தில் 3600-ஐத் தாண்டுவதே அரிது. முப்பத்தோரு ஆண்டு சோதனைப் பிரிவில் இருந்தவன் அதைப் படித்துவிட்டும் பணம் கொடுத்தேன், பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் அரித்தது. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நல்ல கலம் ஏறக்குறைய 45 கிராம் இருக்க வேண்டும். இது முப்பதைத் தொடவில்லை. மளிகைக்காரர், "என்ன சார், உள்ளே சரக்கு இல்லையா?" என்றார். அவருக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

பிறகு வேறு இடத்தில் 2600 என்று அடக்கமாக எழுதியிருந்த இரண்டு கலங்கள் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து சுமார் 19 வாட் மணி. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். திரையோடு சேர்த்து, விளையாடும்போது எட்டு வாட் இழுக்கிறது. கணக்குப்படி இரண்டு மணி நேரம், நடைமுறையில் ஒன்றே முக்கால். ஒரு வேடிக்கை: பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்ல நான் எதுவும் வைக்கவில்லை. அது எப்போதும் நூறு சதவீதம் என்றே காட்டும், அணைகிற நொடி வரைக்கும். லித்தியம் கலத்தைப் பாதுகாப்பு மின்சுற்று இல்லாமல் தொடாதீர்கள். இந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் தனியாக விடவும் வேண்டாம். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

எல்லாம் பூட்டி முடித்து, செய்தித்தாள் படித்தேன், பாட்டுக் கேட்டேன், வீடியோ பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பெருமையோடு பேத்தி கையில் கொடுத்தேன். சூப்பர் டக்ஸ் கார்ட் என்று ஒரு இலவச கார் பந்தயம் இருக்கிறது, லினக்ஸின் சின்னமான பெங்குவின் அதில் கார் ஓட்டும். அதைப் போட்டாள். ஐந்தே நிமிடத்தில் என் வேலையின் லட்சணம் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

தொழிற்சாலையில் ஒரு போர்டைச் சோதிக்க வெப்பப் பெட்டி, அதிர்வு மேசை, மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று தனித்தனியாக வைத்திருந்தோம். ஒரு விளையாட்டு இவை அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. செயலி முழு மூச்சில் ஓடும், திரை பிரகாசமாக எரியும், விரல் நொடிக்கு நாலு தடவை தொடும், பிடித்திருக்கும் கை சட்டத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். செய்தித்தாள் படிக்கிறவர் பொறுத்துக்கொள்ளும் தாமதத்தைக் கார் ஓட்டுகிறவர் பொறுக்க மாட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் வெப்பம். இந்தச் செயலி 80 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெங்குவின் மூன்றாவது சுற்றில் மாட்டு வண்டியாகிவிடும். ஓட்டைகளும் மின்விசிறியும் அதற்குப் பின் வந்தவைதான். அடுத்தது மின்னழுத்தம். லினக்ஸ் கார்டைப் போட்டுப் பார்த்தபோது திரை மூலையில் மின்னல் அடையாளம் தோன்றி மறைந்தது. ஐந்து வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் வரும் எச்சரிக்கை அது. காரணம், பழைய சார்ஜரிலிருந்து நான் வெட்டியெடுத்த மெல்லிய கம்பி. தடிமனான கம்பியாக, நீளமும் பாதியாகக் குறைத்து, மறுபடி பற்றவைத்தேன். மின்னல் போய்விட்டது.

மூன்றாவது குறைதான் என்னை அழவைத்தது. கேபிள் சட்டத்தில் இடித்ததால் திரையைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, படத்தை மட்டும் நிரலில் நேராக்கியிருந்தேன். தொடு உணர்வு தலைகீழாகவே நின்றுவிட்டது.

"தாத்தா, இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் போகிறது."

"அப்படியானால் வலப்பக்கம் தொடு, கண்ணு."

அவள் பார்த்த பார்வையில் நான் பதவி இழந்தேன். லினக்ஸில் ஒன்பது எண்களை எழுதி இதைச் சரிசெய்துவிட்டேன். ஆண்ட்ராய்டில் அந்த வித்தை எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் திரையைக் கழற்றி நேராகவே மாட்டி, இடித்த இடத்தில் மரத்தை அரத்தால் ராவினேன். அரைமணி நேர வேலை. மூன்று நாள் நிரலோடு மல்லுக்கட்டிய பிறகு அரம் கைக்கு வந்தது.

எல்லா விளையாட்டும் இதில் வராது. சான்றளிக்கப்பட்ட சாதனம்தானா என்று விசாரித்து, இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும் விளையாட்டுகள் உண்டு. பேத்தியின் தோழிகள் ஆடும் இரண்டு விளையாட்டுகள் அப்படித்தான் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை, அவளுக்கு உண்டு.

"இந்தப் பணத்துக்குக் கடையில் நல்லதாகவே வாங்கியிருக்கலாமே" என்று மனைவி கேட்டாள். உண்மைதான், வாங்கியிருக்கலாம். வானொலியில் இருந்துகொண்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆகாசவாணி என்ற பெயரே, 1935-இல் மைசூரில் எம்.வி. கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் தம் வீட்டில் தொடங்கிய வானொலி நிலையத்தின் பெயர்தான். அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ!

இன்னொரு பாக்கியும் இருக்கிறது. போனைச் சாய்த்தால் கார் திரும்புமே, அது இதில் கிடையாது, ராஸ்பெரி பையில் சாய்வை உணரும் சில்லு இல்லை. ஆனால் இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் வடிவமைத்த சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினி 2004-இல் விற்பனைக்கு வந்தபோது, அதில் அசைவை உணரும் சில்லு இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அந்த நினைப்பில்தான் போன வாரம் எஸ்.பி. ரோட்டுக்கு மறுபடி போய் ஒரு சில்லு வாங்கி வந்தேன்.

பேத்தி அதற்காகக் காத்திருக்கவில்லை. திரையில் உள்ள வட்டத்தை விரலால் திருப்பிக்கொண்டே, வளைவு வந்தால் சட்டத்தையும் சாய்க்கிறாள், தானும் சாய்கிறாள். நேற்று இரவு நான்கு கம்பிகளையும் பற்றவைத்து லினக்ஸ் கார்டைப் போட்டேன். சட்டத்தைச் சாய்த்தால் திரையில் எண்கள் அழகாக ஏறி இறங்குகின்றன. ஆண்ட்ராய்டுக்கு இன்னும் சேதி போகவில்லை. கார் நேராகத்தான் போகிறது.

வணக்கம்.