சச்சினையே சேப்பாக்கத்துல உட்கார வெச்ச வலி… உங்க முழங்கைல இருக்கா? செக் பண்ணிப் பாருங்க!

[திரையில்: சேப்பாக்கம் மைதானம், மழை]

2004 அக்டோபர். சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவோட டெஸ்ட். சேவாக் 155 அடிச்சுட்டாரு. கும்ப்ளே ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 13 விக்கெட். கடைசி நாள் இன்னும் 210 ரன் எடுத்தா ஜெயம், பத்து விக்கெட்டும் கைல இருக்கு. காலைல எழுந்து டிவிய போட்டா மழை! அந்த மழைய நினைச்சு இன்னிக்கும் வயிறெரியுற கோஷ்டில நானும் ஒருத்தன்.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த மேட்ச்ல சச்சின் ஆடவே இல்ல. எலும்பு உடையல, பந்து படல. இடது முழங்கைல ஒரு சின்ன நார் மக்கர் பண்ணுச்சு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் மே மாசம் லண்டன்ல ஆபரேஷனே பண்ண வேண்டியதாயிடுச்சு. அந்தப் பிரச்சினைக்குப் பேரு டென்னிஸ் எல்போ.

வணக்கம் மக்களே! உடற்கூறு பாடத்த ஒரே மூச்சுல முடிச்சுடறேன். தசைய எலும்போட பிடிச்சு வெக்கிற நார்தான் தசைநாண், டெண்டன்னு சொல்வாங்க. மணிக்கட்ட மேல தூக்குற தசைங்களோட டெண்டன் எல்லாம் முழங்கையோட வெளிப்பக்க எலும்பு முண்டுல வந்து ஒட்டுது. முடிஞ்சுது பாடம்.

இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். கைல போன் இருந்தா கீழ வைங்க. நான் காத்திருக்கேன்.

[கேமரா: முன்னங்கை, க்ளோசப்]

வலது கைய மடக்கி இறுக்கமா முஷ்டி பிடிங்க. இடது கை விரலால, முழங்கைக்கு ரெண்டு விரக்கடை கீழ, முன்னங்கையோட மேல்பக்கம் தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி விறைச்சிருக்கா? விரல மடக்குற தசை இருக்கிறது உள்ளங்கைப் பக்கம். அப்ப புறங்கைப் பக்கம் ஏன் விறைக்குது?

இன்னொண்ணு பண்ணுங்க. மணிக்கட்ட நல்லா கீழ வளைச்சுட்டு அதே முஷ்டிய பிடிங்க. வரல இல்ல? பேனாவ பிடிச்சிருந்தாக்கூட நழுவிடும். விரல் மடங்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். அத விடாம மேல இழுத்துப் பிடிக்கிறதுதான் புறங்கைத் தசையோட வேலை. அதாவது நீங்க எதப் பிடிச்சாலும், ஸ்குரூ டிரைவரோ, தோசைக்கல்லோ, மவுஸோ, அந்த வெளிப்பக்க டெண்டனுக்கு வேலை விழுது. வலி முழங்கைல, காரணம் பிடியில! இத முதல்ல படிச்சப்ப ஒரு வாரம் கண்ல பட்டத எல்லாம் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன், வீட்ல ஒரு மாதிரி பார்த்தாங்க.

சச்சின் பேட் 1.4 கிலோ பக்கம். அத எத்தன வருஷம் தூக்கியிருப்பாரு! நம்மூர்ல பரோட்டா மாஸ்டர், கத்திரிக்கோல் விடாத டெய்லர், டூ வீலர் மெக்கானிக், பெயின்டர், ஈர பெட்ஷீட்ட முறுக்கிப் பிழியுற அம்மா, எல்லாரும் இதே வரிசைதான். நூறு பேர்ல ஒண்ணுலருந்து மூணு பேருக்கு இருக்கு. முப்பத்தஞ்சு வயசுக்கு மேலதான் அதிகம்.

உள்ள என்னதான் நடக்குது? முன்னாடி வீக்கம்னு நினைச்சாங்க. நாள்பட்ட வலியில எடுத்துப் பார்த்தா வீக்கத்துக்கான செல்லே பெருசா இல்ல. கிணத்துக் கயிறு உருளைல உரசுற இடத்துல புரி புரியா நைஞ்சு போகும் பாருங்க, அப்படி நார் ஒழுங்கு கலைஞ்சு கிடக்குது. தசைய விட டெண்டனுக்கு ரத்த ஓட்டம் கம்மி. அதனால ஆறுறதுக்கு மாசக்கணக்குல ஆகும்.

அப்போ "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்"னு சொல்றாங்களே? ஸ்டீராய்டு ஊசி போட்டா முதல் சில வாரம் சொர்க்கம். ஆனா ஆஸ்திரேலியால 165 பேர வெச்சுப் பார்த்து 2013-ல வந்த ஆய்வுல, ஒரு வருஷத்துக்குள்ள வலி திரும்பினது ஊசி போட்டவங்கள்ல 54 சதவீதம், வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டவங்கள்ல 12 சதவீதம்தான். நான் என்ன சொல்றது, நீங்களே முடிவு பண்ணுங்க.

[கேமரா: மேசை, தண்ணி பாட்டில்]

அதுக்காக கைய தொட்டில்ல கட்டிப் போட்டும் பிரயோஜனம் இல்ல. டெண்டனுக்குத் தேவை அளவான வேலை. முன்னங்கைய மேசை மேல வைங்க, உள்ளங்கை கீழ பார்க்கணும், மணிக்கட்டு விளிம்புக்கு வெளிய. அரை லிட்டர் தண்ணி பாட்டில பிடிச்சுக்கோங்க. இன்னொரு கையால தூக்கி விட்டுட்டு, மெதுவா, நாலு எண்ணுற வரைக்கும் இறக்குங்க. இறக்குறதுதான் மருந்து, தூக்குறது இல்ல. பதினஞ்சு தடவை, மூணு சுற்று. லேசா வலிச்சா பரவாயில்ல. மறுநாள் காலைல வலி கூடியிருந்தா பாட்டில்ல பாதித் தண்ணிய கொட்டிடுங்க. ரெண்டு மூணு மாசம் பொறுமை வேணும்.

வலி வராம இருக்கணும்னா? பைய தூக்கும்போது உள்ளங்கை மேல பார்க்கட்டும், பாரம் வேற தசைக்குப் போயிடும். கைப்பிடி மெலிசா இருந்தா துணிய சுத்தித் தடிமனாக்குங்க. பெட்ஷீட்ட முறுக்காதீங்க, கொடியில போட்டு சொட்ட விடுங்க, வெயிலுக்கா பஞ்சம்? புதுசா பேட்மிண்டன் ஆரம்பிச்சு முதல் நாளே ரெண்டு மணி நேரம் ஆடற ஆளா நீங்க? உங்களத்தான் சொல்றேன், அரை மணி நேரத்துல ஆரம்பிங்க.

விரல் மரத்துப் போனாலோ, முழங்கை வீங்கி சூடா இருந்தாலோ, விழுந்து எழுந்த பிறகு கைய நீட்ட முடியலன்னாலோ, வீடியோ பார்த்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட போங்க.

அப்புறம், பரோட்டா மாஸ்டர் யாராச்சும் பார்த்துட்டு இருந்தீங்கன்னா கமெண்ட்டுக்கு வாங்கண்ணே. மாவு வீசும்போது வலிக்குதா, கொத்து போடும்போது வலிக்குதான்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.